திரி வெட்டும் கத்தி

1942

ஜனவரி 12, திங்கள்

கத்தி திறக்கவில்லை. இன்று மட்டும் மூன்று தடவை. கடைசியில் பல்லால் இழுத்தேன், பல் கூசியதுதான் மிச்சம். வலது கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. பென்சில் பிடித்தாலே எரிகிறது.

காரணம் தெரியாமல் இல்லை. சித்தேரி மலையடிவாரத்தில் பாறையை உடைத்துச் சாலை போடுகிறோம். காலை ஏழு மணிக்குத் துளை போட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை கல்மாவுதான். சோற்றில், காதில், கடிகாரத்தில், எதில்தான் இல்லை? அது மண் புழுதி அல்ல. கண்ணாடித் தூள் மாதிரிக் கூரானது. கத்தியின் மூட்டுக்குள் போய் முதலில் அராவும், பிறகு இறுகும். கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் இரண்டு வருஷம் படித்து ஓவர்சியராக வந்தவனுக்கு ஒரு பேனாக்கத்தியைத் திறக்கத் தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள். சிரிக்கிறார்கள்.

கத்தி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பென்சில் சீவ, கயிறு அறுக்க, சிமெண்ட் மூட்டை பிரிக்க. எல்லாவற்றுக்கும் மேல் வெடித்திரி. யுத்தம் வந்த பிறகு திரிச்சுருளும் மருந்தும் என் பெட்டியில், என் பூட்டுக்குள். நானே அளந்து நானே வெட்டிக் கொடுக்க வேண்டும், இதுதான் விதி. சுருளை வெடிக்காரன் கையில் கொடுத்தால் பாதி காட்டுப்பன்றிக்கும் ஆற்று மீனுக்கும் போய்விடும் என்பது மேலிடத்தின் எண்ணம். என் எண்ணமும் அதுவே.

ஜனவரி 13, செவ்வாய்

வெடிக்காரன் பெயர் இன்னாசி. முப்பது வயது இருக்கும். நான் கத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இப்பிடி குடுங்க ஐயா" என்று திரியை வாங்கிக் கல்லின் மேல் வைத்துக் கொடுவாளால் ஒரே போடு போட்டான். முனை நசுங்கிப் பனங்காய்ச் சப்பை மாதிரி ஆகிவிட்டது.

"பார். உள்ளே இருக்கிற மருந்து நசுங்கிவிட்டது. நெருப்பு இது வரைக்கும் வந்து நின்றுவிடும்."

"பத்து வருசமா நிக்காத நெருப்பு, ஐயா வந்தப்புறம் நிக்குமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள் அவன் பெண்சாதி சகாயமேரி. இடிந்த கல்லைக் கூடையில் சுமக்கிறவள். அவள் சிரித்தால் மலையில் எதிரொலிக்கிறது.

கொடுவாளை வைத்துப் பற்றவைக்கிற முனையை மட்டும் பிளந்துகொள், மருந்துக்குள் இறங்குகிற முனையைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு நல்ல கத்தி வேண்டும். எனக்கு வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல். வேலை இல்லை. தூசி இல்லை. கத்தி அப்படியும் திறக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

சிமெண்ட் வேகன் வந்ததா என்று பார்க்கப் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனேன். வரவில்லை. போனதற்குக் கத்தியாவது வாங்கலாம் என்று முனியப்பன் கடையில் ஏறினேன். இரும்புச் சாமான், ஆணி, தாம்புக்கயிறு, எல்லாம் வைத்திருக்கிறார். மூன்று கத்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"இது சீமைச் சரக்குங்க. ஏழு ரூவா. இது போச்சுன்னா இனிமே கப்பல் வந்தாத்தான். இது செர்மன், மூணே கால். இது ஜப்பான், பதினாலணா."

"இரண்டும் எதிரி நாட்டுச் சரக்கு."

"கத்திக்கு என்னங்க தெரியும் யாரு எதிரின்னு? வெலையப் பாத்தீங்கன்னா எதிரிதான் சல்லிசு."

ஒவ்வொன்றாகத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டி, வெயிலில் பிடித்து, மூட்டில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆணி வாங்க வந்தவர் ஒருவர், "பொண்ணு பாக்க வந்தாப்பல திருப்பித் திருப்பிப் பாக்கறாரே" என்றார். கடையே சிரித்தது.

சீமைக் கத்தி நல்ல கத்தி. சந்தேகமில்லை. என் சம்பளத்தில் ஏழு ரூபாய்க்குக் கத்தி வாங்கினால் வீட்டுக்கு என்ன எழுதுவது? ஜெர்மன் கத்தியின் அலகில் ஏற்கெனவே துரு. ஜப்பானை வாங்கினேன். வாங்கும்போதே தெரியும், தப்பு என்று. தெரிந்தே வாங்கினேன்.

ஜனவரி 24, சனி

ஆறு நாள். ஆறே நாள்! வில் தளர்ந்து, திரி வெட்டும்போது அலகு மடங்கி ஆட்காட்டி விரலில் விழுந்தது. ஆழமில்லை. சகாயமேரி கூடையை இறக்காமலே, "எதிரி வேலையக் காட்டிட்டானுங்களே" என்றாள். பொம்மிடிக் கடைப் பேச்சு இதற்குள் இங்கே எப்படி வந்தது?

உட்கார்ந்து யோசித்தேன். மூட்டு நெருக்கமாக இருந்தால் தூசி இறுக்கும். தளர்வாக இருந்தால் அலகு ஆடும். ஆக வேண்டியது: நெருக்கமான மூட்டு, பலமான வில், பிடியின் அடிப்பக்கம் திறந்திருந்து, தட்டினால் தூசி கொட்டிவிட வேண்டும். அலகு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். விலை மூன்று ரூபாய்க்குள். இப்படி ஒன்றை உலகத்தில் எவனும் செய்யவில்லையா? செய்கிறவன் எவனும் கல் உடைக்கிற இடத்துக்கு வந்ததில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

அரூர். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடுகிற பஸ் வழியில் மூன்று இடத்தில் நின்றது; இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். தாலுகா ஆபீஸ் பக்கத்துக் காகிதக் கடையில் ஒன்று கிடைத்தது. தடித்த முதுகு, பலமான வில், பிடிக்கு அடியில் நல்ல இடைவெளி. இரண்டு ரூபாய் ஆறணா. கடைக்காரர், "கடுதாசி அறுக்கிற கத்திங்க இது, கல்லுல போட்டு ஒடச்சுட்டு வந்து என்னைக் கேக்கக் கூடாது" என்றார். கேட்க மாட்டேன் என்றேன். திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே ஆறணா கொடுக்கலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டே நாளில் இறுக ஆரம்பித்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை தோற்கவில்லை. தையல் மெஷின் எண்ணெய்! இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை? காலையில் மூட்டில் நாலு சொட்டு. அதே எண்ணெய்த் துணியால் அலகிலும் ஒரு தடவு, துரு வராது. ஒற்றை விரலால் திறக்கிறது. இன்னாசியிடம் காட்டினேன்.

"கோயில் கதவாட்டம் தெறக்குதுங்க" என்றான்.

கடைசியில் ஒரு விஷயம் சரியாக நடந்தது. தினம் காலை ஆறரைக்கு எண்ணெய், ஏழுக்குத் திரி வெட்டிக் கொடுப்பது, பகல் பன்னிரண்டுக்கு வெடி. இதுதான் இனி ஒழுங்கு.

பிப்ரவரி 9, திங்கள்

பத்துத் துளையில் இரண்டு வெடிக்கவில்லை.

வெடிக்காத துளையை இங்கே 'ஊமை' என்கிறார்கள். ஊமை விழுந்தால் ஒரு வழக்கம். மருந்து வைத்தவன் எல்லோரும் பார்க்க எதிரே ஒரு கல்லில் உட்கார வேண்டும். அவன் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். பெண்கள் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வழியில் போட்டார்கள். இன்னாசி இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி அதன் பக்கத்தில் நட்டான். சாமிக்குச் சாமி சண்டை இல்லை போலும். விதிப்புத்தகத்தில் அரை மணி நேரம் காத்திரு, பிறகு பக்கத்தில் வேறு துளை போடு என்றுதான் இருக்கிறது. இவன் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாற்பது பேர் சும்மா. நான் கடிகாரத்தைக் காட்டினேன். "கடியாரம் குழிக்குள்ள இல்லீங்களே" என்றான்.

பிப்ரவரி 11, புதன்

மறுபடியும் இரண்டு ஊமை. ஒரு மணி நேரம் வீண்.

பிப்ரவரி 14, சனி

மூன்று. இது தற்செயல் அல்ல. மருந்து ஈரமா? கைநிறைய எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், பொலபொலவென்று இருக்கிறது. திரி? சுருள் புதிது, நான் வெட்டியது கண்ணாடி மாதிரி சுத்தமான வெட்டு. மிச்சம் என்ன? மருந்தின் அளவு.

கண்டிராக்டர் மாரியப்பன் சொல்லிவிட்டே போனார்: "மருந்து குழிக்குள்ள போவுதா, வூட்டுக்குப் போவுதான்னு பாருங்க சார். பன்னி வேட்டைக்காரனுக்கு ஒரு பிடி மருந்துன்னா ஒரு படி அரிசி."

நானும் அதைத்தான் நினைத்தேன். ஏப்ரல் முதல் தேதி என் வேலை நிரந்தரமாக வேண்டும். பாறை வேலை பின்தங்கினால் என் பெயரில்தான் எழுதுவார்கள், இன்னாசியின் பெயரில் அல்ல.

பிப்ரவரி 19, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு ஊமை. இன்னாசி கல்லில் உட்கார்ந்தான். நேற்று அவர்களுக்குச் சாம்பல் புதன், பூசையில் இட்ட கரி நெற்றியில் இன்னும் இருந்தது. அரை மணி ஆயிற்று. முப்பத்தொரு நிமிஷம். எழுந்து நடந்தேன். நான் ஓவர்சியர், விதி என் பக்கம். பத்து அடி போயிருப்பேன். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். பொத்தான் தெறித்து, மல்லாக்க விழுந்தேன், அத்தனை பேர் எதிரே. எழுந்திருக்க விடாமல் தோளை அமுக்கிக்கொண்டு, "நான் எந்திரிக்கலீங்க" என்றான். என்னை மிரட்டினான். இன்னும் முக்கால் மணி. வெடிக்கவில்லை. கடைசி வரைக்கும் வெடிக்கவே இல்லை! வெடித்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. இது நினைவிருக்கிறது: "மருந்தைத் திருடி விற்கிறவனுக்கு என்னைத் தொட என்னடா தைரியம்?"

கல்லுடைக்கிறவர்கள் சுத்தியை இறக்கிவிட்டார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"திருடன் என்றேன்."

கொடுவாளைத் தரையில் வைத்தான். பயந்துதான் போனேன். ஆனால் அவன் அதை வைத்துவிட்டுத் தலைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கீழே நடந்துவிட்டான். சகாயமேரி அந்தக் கொடுவாளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். வெடிமருந்து கையாடல், மேலாளை அடித்தது. இரண்டும் எழுதினேன்.

பிப்ரவரி 23, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. வேறு எதற்கும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. இன்னாசியை இந்தச் சாலை வேலையில் எங்கும் சேர்க்கக் கூடாது. சகாயமேரி மட்டும் வந்து கூடை எடுக்கிறாள். என்னைக் கடந்து போகும்போது கூடையை இந்தப் பக்கத் தோளுக்கு மாற்றி முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 26, வியாழன்

புது வெடிக்காரன் மல்லையன். சித்தேரி மலைக்காரன், ரயில் ஜல்லிக் குவாரியில் வேலை பார்த்தவன். பேச்சே கிடையாது. நல்லது. கத்தி நன்றாகத் திறக்கிறது. எண்ணெய் தவறாமல் போடுகிறேன்.

மார்ச் 2, திங்கள்

இரண்டு ஊமை.

மல்லையனும் திருடனா? நான்தானே மருந்தைத் தராசில் நிறுத்தேன்! துளைக்குள் கொட்டும்போது தலைமாட்டில் நின்றேனே!

மார்ச் 4, புதன்

மூன்று ஊமை. மல்லையன் கல்லில் உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம், அசையவில்லை. நான் கடிகாரத்தை எடுக்கவில்லை.

எல்லோரும் சும்மா நிழலில் இருக்கும்போது சகாயமேரி, யாரிடமோ பேசுவது மாதிரி, என் காதில் விழும்படி:

"திருடன்தான் வூட்டுல கெடக்கறானே. இன்னிக்கி மருந்தத் தின்னது யாராயிருக்கும்?"

"பேயி தின்னிருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

"பேயிக்குப் பூட்டுச்சாவி ஏது? சாவி ஒருத்தருகிட்டதான் இருக்குது."

பெட்டிச் சாவி என் அரைஞாணில் தொங்குகிறது. அறைந்திருக்கலாம் என்னை.

மார்ச் 5, வியாழன்

பீல்டு புக்கை எடுத்தேன். தினமும் துளைகளுக்கு நம்பர் போட்டு, எது வெடித்தது எது இல்லை என்று நானே குறித்து வைத்தது. இரண்டு மாதமாகக் குறிக்கிறேன். ஒரு தடவையாவது கூட்டிப் பார்த்தேனா?

இருபத்தொன்பது ஊமை. அத்தனையும் ஒன்றிலிருந்து நாலுக்குள். ஐந்தாம் நம்பருக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மருந்து திருடுகிறவனுக்கு எந்தத் துளையில் பற்றாக்குறை வரும்? கடைசித் துளையில். முதல் துளையில் எவனுக்கும் குறையாது. இதைப் புரிந்துகொள்ளக் கிண்டி வேண்டாம், கூழ் ஊற்றுகிறவளுக்குத் தெரியும்.

முதல் நாலு துளைக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே மருந்து. ஒரே மண். ஒரே கை. திரி - நான் காலையில் முதலில் வெட்டுகிற துண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த வரிசையிலேயே கொடுக்கிறேன். முதலில் வெட்டும்போது கத்தியில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி மூன்றுக்கு முன்னால் ஒரு ஊமைகூட இல்லை.

கடவுளே.

மார்ச் 6, வெள்ளி

வேலைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பரீட்சை செய்தேன். கத்திக்கு வழக்கம்போல் எண்ணெய். பத்துத் துண்டு வெட்டி, வரிசையாக வைத்து, ஐந்து மணி நேரம் விட்டேன். பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் சிட்டிகை மருந்து வைத்துப் பற்றவைத்தேன். ஒன்று: நெருப்பு ஓடிவந்து, முனைக்கு அரை அங்குலம் இருக்கும்போது செத்துப்போயிற்று. இரண்டும் அப்படியே. மூன்று பிடித்தது. நான்கு செத்தது. ஐந்திலிருந்து பத்து வரை சுத்தமாகப் பிடித்தன.

செத்த முனையைப் பிளந்து பார்த்தேன். உள்ளே இருந்த மருந்து எண்ணெய் குடித்து, மை மாதிரி ஈரமாக. இன்னாசி பற்றவைக்கிற முனையைத் தன் கொடுவாளால் புதிதாகப் பிளந்ததால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மருந்துக்குள் இறங்கிய முனையைத் தொடாதே என்று நான்தான் உத்தரவு போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கத்தியை வெந்நீரில் போட்டுச் சீயக்காயால் மூன்று தடவை தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். மண்ணெண்ணெயில் கழுவப் போனேன் முதலில் - அதுவும் எண்ணெய்தான் என்பது கை வைத்த பிறகுதான் உறைத்தது. மூட்டுக்குப் பென்சில் கரியைத் தூளாக்கித் தூவினேன். வழவழப்பு உண்டு, ஈரம் இல்லை, தூசி ஒட்டாது. எண்ணெயளவு சுலபமாகத் திறக்கவில்லை. ஆனால் திறக்கிறது. இருபது துண்டு, இருபதும் பிடித்தன.

நல்ல கத்தி. வாங்கின அன்றே இதைச் செய்திருந்தால்.

மார்ச் 12, வியாழன்

நான்கு நாளாக ஒரு ஊமையும் இல்லை. மாரியப்பனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா சார், கழிச்சுக் கட்டுனதும் வேல ஓடுது. மல்லையன் கைராசி." மல்லையன் என் கத்தியை ஒரு பார்வை பார்த்தான், பிறகு என்னை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? ஏப்ரல் ஒன்றுக்கு இன்னும் இருபது நாள். அதற்குப் பிறகு சொன்னால் என்ன? வேலை நிரந்தரமான பிறகு சொன்னால் இன்னும் பலமாகச் சொல்லலாமே?

இதைத் திரும்பப் படிக்க எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

சகாயமேரி வேலைக்கு வரவில்லை. விசாரித்தேன். இன்னாசிக்கு எங்கும் வேலை இல்லையாம். பக்கத்துக் கிணறு வெட்டுகிற இடத்தில்கூட, "மருந்து திருடுனவனா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோலார் சுரங்கத்துக்குப் போகப் போகிறானாம். வெடிக்காரனாக அல்ல, கல்வண்டி தள்ளுகிற கூலியாக. இருமல் அவனுக்கு ஏற்கெனவே உண்டு. கல்மாவு தின்ற நெஞ்சோடு பூமிக்கு அடியில்.

ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. அது எனக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மார்ச் 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். நான்கு பக்கம். துளை நம்பர்கள், பரீட்சை முடிவு, எண்ணெய், எல்லாம். 'தவறு முழுதும் என்னுடையது.' மாரியப்பன் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

"வுடுங்க சார். ஒரு வெடிக்காரனுக்காக ஏன் உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க? அவன் இன்னேரம் மறந்திருப்பான்."

"நீங்கள் மறப்பீர்களா?"

"என்னை எவன் சார் திருடன்னு சொல்லுவான்?" என்று சிரித்தார்.

தபாலில் போட நானே நடந்து போனேன். வேறு யாரிடமாவது கொடுத்தால் நடுவழியில் திரும்ப வாங்கியிருப்பேன்.

மார்ச் 21, சனி

மேலதிகாரி அரூருக்கு வரச்சொன்னார். நாற்காலி போடவில்லை. இன்னாசியை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். சர்க்கார் ஓவர்சியர் கத்திக்கு எண்ணெய் போட்டு மாதம் முழுக்க வேலையைக் கெடுத்தான் என்று பைலில் இருந்தால் உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்.

முதல் ரிப்போர்ட்டும் பைலில்தானே இருக்கும் என்று கேட்டேன். "அது அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அப்படியானால் இதுவும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்ல மாதிரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு எதையும் நல்ல மாதிரியாகச் சொல்லத் தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

அவர்கள் ஊர் நான்கு மைல். பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று பகலில் போனேன். இன்னாசி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. சகாயமேரி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "குடிங்க, எங்க வூட்டுத் தண்ணியில எண்ணெ கெடையாது" என்றாள். ஆக, செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. மல்லையனாகத்தான் இருக்கும். பேசாதவன்!

எல்லாவற்றையும் சொன்னேன். துளை நம்பர்கூடச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றேன்.

விறகு பிளப்பதை நிறுத்தினார்.

"வேலைக்கு வரலாமுன்னு சொல்றீங்க. செரிங்க. திருடனா வரட்டுமா, இன்னாசியா வரட்டுமா?"

"கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என் கூட வேல செய்யறவங்களுக்கும் தெரியாது. நீங்க கடுதாசியிலயா சொன்னீங்க? எங்க வச்சுச் சொன்னீங்களோ, அங்க வச்சுச் சொல்லுங்க. யார் காதுல சொன்னீங்களோ, அவங்க காதுல சொல்லுங்க."

ஓவர்சியர் கூலிக்காரர்கள் எதிரே நின்று அப்படிச் சொன்னால் நாளை எவன் என் பேச்சைக் கேட்பான் என்று கேட்டேன்.

"அது உங்க பாடுங்க" என்று கோடாலியை எடுத்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க அவர்மேல் கோபம். நான் வீடு தேடிப் போனேனே, போதாதா? நான்கு மைல்! போதாது. தெரிகிறது.

மார்ச் 28, சனி

சம்பள நாள். எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரம். இன்னாசி வந்து, அன்றைக்கு நான் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

வாரம் முழுக்க மனதுக்குள் நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "இன்னாசி மருந்து திருடவில்லை. என் கத்தியில் இருந்த எண்ணெயால் திரி கெட்டது. நான் சொன்னது பொய்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

ஒரு குழந்தை எங்கோ அழுதது. பிறகு சகாயமேரியின் குரல்:

"இன்னொருக்கா சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

தலையை நிமிர்த்தி, கத்தித்தான் சொன்னேன். மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வரிசையில் யாரோ, "இப்ப கேட்டுதுங்க" என்றார்கள். ஒருவர் சிரித்தார். மாரியப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

ஏப்ரல் 1, புதன்

நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாமாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து இன்று காலை இன்னாசி வந்தார். மல்லையனும் இருக்கிறார், இரண்டு பேரும் பேசிப் பாறையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து சுருளை எடுத்தேன், கத்தியை எடுத்தேன். இன்னாசி கையை நீட்டினார். கொடுத்தேன். அலகை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், தன் துண்டில் இரண்டு பக்கமும் துடைத்தார், பிறகு முதல் துண்டை வெட்டித் தூர எறிந்துவிட்டு மற்றவற்றை வெட்டினார். விதிப்படி நான்தான் வெட்ட வேண்டும். பீல்டு புக்கில் 'என் மேற்பார்வையில் வெட்டப்பட்டது' என்று எழுதினேன். மேலே இருப்பவர் கேட்டால் கேட்கட்டும்.

பகல் பன்னிரண்டு. பதினொரு துளை. மருந்து கொட்டி, மண் இடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன். பார்க்கிறேன் என்று ஒன்றும் இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். இன்னாசி திரி பற்றவைக்கிற நெருப்பை ஊதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஐயா, வழியில நிக்கறீங்க. அந்தாண்ட, பொம்பளைங்க இருக்கற பாறைக்குப் பின்னால போயி நில்லுங்க. நான் கூப்புடற வரைக்கும் வரக் கூடாது."

போய் நின்றேன். சகாயமேரி நகர்ந்து இடம் விட்டாள்.